கொரோல்லாவுக்கு எதற்குத் தம்பி 93?

தம்பி, திருமருகலிலிருந்து டல்லாஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது, பழைய டொயோட்டா கொரோல்லா ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், பெட்ரோல் பங்கில் 87, 89, 93 என்று மூன்று பொத்தான்கள் இருக்கின்றன, எதை அழுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர், 93 போட்டால் என்ஜின் சுத்தமாகும், மைலேஜும் கூடும் என்று சொன்னாராம். கூடவே இன்சூரன்ஸ், வாடகை, மளிகை என்று இன்னும் நாலைந்து கேள்விகள்.

87-ஐ அழுத்துங்கள். நரிமணம் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை பெட்ரோல் பொத்தானைப் பார்த்துத் தயங்கலாமா?

ஊரில் 91, இங்கே 87, அப்படியானால் இது மட்டமான சரக்கா என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் சாதாரண பெட்ரோலுக்கு வெகுகாலம் சொல்லிவந்த 91, ஆராய்ச்சி முறை என்னும் சோதனையில் வரும் ஆக்டேன் எண். அமெரிக்கப் பங்கில் மஞ்சள் வில்லையில் ஒட்டியிருப்பது, அந்த எண்ணையும் அதைவிடக் கடுமையான மோட்டார் முறைச் சோதனையில் வரும் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி. இரண்டாவது எண் குறைவாக வருவதால் சராசரியும் இறங்கிவிடுகிறது. அங்கே 91, இங்கே 87, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆக்டேன் சக்தியின் அளவும் அல்ல. சிலிண்டருக்குள் பிளக் தீப்பொறி விட்டதும் தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். தீ வந்து சேருமுன் மிச்சக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிட்டால் உலோகத்தைத் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். அந்த முந்திரிக்கொட்டைத்தனத்தை எந்த அளவுக்குப் பெட்ரோல் அடக்கிக்கொள்ளும் என்பதைத்தான் எண் சொல்கிறது. கலவையை அதிகமாக அழுத்தும் என்ஜினுக்கும் டர்போ வைத்த பல என்ஜின்களுக்கும் அந்த அடக்கம் தேவை. உங்கள் கொரோல்லா 87-க்கென்றே வடிவமைக்கப்பட்டது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அப்பா பாபநாசம் பக்கத்தில் பம்புசெட் மெக்கானிக். மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத வருடங்களில் குறுவை நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்ட் என்னும் குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான் கதி. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் சின்ன என்ஜின்கள் வயல் வயலாக ஓடும். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு, அதனால் அந்த என்ஜின்களில் அழுத்தமும் குறைவாகவே வைத்திருப்பார்கள். அப்படியும் உச்சி வெயிலில் சுமை ஏறினால் தட்ட ஆரம்பிக்கும். அப்பா வரப்பில் வரும்போதே, "மாற்றுகிற அவசரத்தில் சூடேற விடவில்லை" என்றோ, "கரி அடைத்திருக்கிறது" என்றோ சொல்லிக்கொண்டே வருவார்.

அப்பாவிடம் சத்தம் கேட்டுப் பழகிய இந்தக் காதுகளோடு 1990-களின் கடைசியில் ஒஹாயோவில் போய் இறங்கினேன். ஜனவரி மாதம். கையில் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று. ஒரே அடுக்ககத்தில் நான்கு பேர், நால்வருக்கும் சேர்த்து ஒரு பழைய கேம்ரி கார். எங்களில் மூத்தவர் அண்ணாநகர்க்காரர். காலையில் வண்டியைக் கிளப்பியதும் டிக்டிக்கென்று ஒரு சத்தம் வரும். நாக்கிங் என்று முடிவு செய்து, அவர் முறை வரும்போதெல்லாம் பிரீமியம் நிரப்பிவிட்டு நோட்டில் நாலாகப் பங்கு போடுவார். குளிரில் கிளப்பியதும் கேட்டு, எண்ணெய் ஏறிச் சூடானதும் அடங்குகிற சத்தம் வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தம், நாக்கிங் என்றால் மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதுதான் கேட்கும் என்று சொன்னேன். டிராக்டர் ஊர்க்காரனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார். அந்தப் பங்குக் கணக்கு எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிற்பாடு 2016-இல் ஏஏஏ என்னும் அமெரிக்க மோட்டார் சங்கம், சாதாரண பெட்ரோல் போதும் என்று குறித்த வண்டிகளில் பிரீமியத்தை ஊற்றிச் சோதித்துப் பார்த்தது. சக்தியிலும் மைலேஜிலும் புகையிலும் சொல்லும்படியான லாபம் இல்லை. தேவையில்லாத வண்டிகளுக்குப் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஒரு வருடத்தில் 210 கோடி டாலருக்கு மேல் வீணடித்தார்கள் என்றும் அந்தச் சங்கம் கணக்குச் சொன்னது. அண்ணாநகர்க்காரருக்கு அனுப்பி வைத்தேன். பதில் வரவில்லை.

என்ஜினைச் சுத்தமாக வைப்பது ஆக்டேன் அல்ல, பெட்ரோலில் கலக்கும் டிடர்ஜென்ட். 2004-இல் சில கார் கம்பெனிகள் சேர்ந்து டாப் டியர் என்று ஒரு தரம் ஏற்படுத்தின. அந்த முத்திரை உள்ள பங்குகளில் 87-இலும் டிடர்ஜென்ட் போதிய அளவு இருக்க வேண்டும். முத்திரையைப் பார்த்து 87 போடுங்கள், தீர்ந்தது.

நாளைக்குச் சம்பளம் கூடி ஜெர்மன் கார் வாங்கினால் கதை வேறு. டாங்க் மூடியின் உட்புறத்தையும் வண்டிப் புத்தகத்தையும் பாருங்கள். பிரீமியம் கட்டாயம் என்று இருந்தால் மறுபேச்சு வேண்டாம். நல்லது என்று பரிந்துரை மட்டும் இருந்தால் சாதாரணமும் போடலாம். நாக்கிங்கை உணர்ந்து என்ஜினே தீப்பொறி நேரத்தைத் தள்ளிக்கொள்ளும், இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும். நம்மவர்கள் செய்வது நேர் எதிர். ஆடம்பரக் காரை லீஸில் எடுத்துவிட்டு அதில் 87 ஊற்றுவார்கள். கேம்ரிக்காரர் கூட்டத்தில் நாலு பேர் பார்க்க 93 ஊற்றுவார்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சில பங்குகளில் ஈ85 என்று ஒன்று இருக்கும், விலை சல்லிசாகத் தெரியும். அதில் பெரும்பகுதி எத்தனால். அதற்கென்று செய்த ஃபிளெக்ஸ் ஃப்யூவல் வண்டிக்கு மட்டுமே ஆகும். டீசல் குழாயின் மூக்கு பெரிது, பெரும்பாலும் உங்கள் டாங்க் வாயில் நுழையாது. ஈ85 குழாய் நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. கைப்பிடி நிறத்தை நம்பாதீர்கள், எல்லாப் பங்கிலும் ஒரே நிறம் இல்லை. எழுத்தைப் படியுங்கள். பெரிய பலகையில் உள்ள விலை பல இடங்களில் ரொக்கத்துக்கு மட்டும், கார்டுக்குக் கூடுதல். டெபிட் கார்டைச் செருகினால் நூறு டாலருக்கு மேல்கூடச் சில நாள் பிடித்து வைப்பார்கள். வந்த புதிதில் வாடகைக் காசு அப்படி மாட்டிக்கொண்டால் தெரியும் வலி. குழாய் தானாக நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் என்று அமுக்காதீர்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டி கெட்டுப்போகும்.

ஊரிலும் இந்தக் கூத்து வந்துவிட்டது. இப்போது பாபநாசத்தில் என் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் கும்பகோணத்தில் ஒரு பங்கில் அவன் ஸ்கூட்டருக்குக் கேட்காமலே விலை கூடின பெட்ரோலைப் பிடித்துவிட்டார்கள். சண்டை போட்டேன். "அமெரிக்காவிலிருந்து வந்து நாலு ரூபாய்க்குச் சண்டையா அண்ணா" என்று அவனுக்கு வெட்கம்.

வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் டல்லாஸில் இருக்கிறவர்களைக் கேளுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மளிகைக்கு அங்கே என்ன பஞ்சம்!

நியூ ஜெர்சிக்குப் போனால் மட்டும் வண்டியை விட்டு இறங்காதீர்கள். 1949-இலிருந்து அங்கே நாமே பெட்ரோல் போடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, ஆள் வந்துதான் போட வேண்டும். அப்பா ஒருமுறை வந்திருந்தார். ஒஹாயோவில் நான் காற்றில் நடுங்கிக்கொண்டு குழாயைப் பிடிப்பதைப் பார்த்து, "இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு ஆள் போட மாட்டார்களா" என்று வருத்தப்பட்டவர், நியூ ஜெர்சியில் ஒரு சீக்கியப் பெரியவர் வந்து குழாயை எடுத்ததும் குஷியாகி இறங்கிவிட்டார். அப்பாவுக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. டாங்க் நிரம்புவதற்குள் கையாலேயே என்னென்னவோ பேசினார்கள். திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, "கோதுமை போடுகிறவராம், ஏழு ஏக்கர், மோட்டார் கனெக்‌ஷன் இருக்கிறதாம்" என்றார்.