இயந்திரம் காத்திருக்கட்டும், பாக்கியை வசூலியுங்கள்

வணக்கம். அம்பத்தூரில் எட்டுப் பேரோடு உதிரிபாகப் பட்டறை நடத்துகிறீர்கள். வரும் ஆண்டில் இரண்டாவது சிஎன்சி இயந்திரம் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் இயந்திரம்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வாடிக்கையாளர்கள் ஐந்து மாதமாகப் பணம் தரவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருக்கிறது. முதலில் அந்தப் பணம் வரட்டும்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் கெடு செல்லாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். வாடிக்கையாளர்கள் தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். அதோடு, கெடு தாண்டிய தொகையை அவர்கள் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியும். எனவே மார்ச் முடிவதற்குள் மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு உடனே புரியும்.

வெள்ளக் காப்பீட்டையும் அக்டோபருக்கு முன் சரிபாருங்கள். 2023 டிசம்பரில் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.