ஆப்ஷனுக்கு மதிப்பு விருப்பம் என்றால்: கேள்வி பதில்

கேள்வி: என் கட்டளை வரிக் கருவியில் --கலர் என்ற ஆப்ஷனை மட்டும் அடித்தாலும், --கலர் ஆட்டோ என்று மதிப்போடு அடித்தாலும் ஓட வேண்டும். எப்படி?

பதில்: இடைவெளி விட்டு வேண்டாம். "கிரெப் --கலர் ஆட்டோ பதிவு" என்று அடித்துப் பாருங்கள். 'பதிவு' கோப்புக்குள் 'ஆட்டோ' என்ற சொல்லைத் தேடும். அங்கே மதிப்பு கட்டாயமில்லை, அதனால் '=' போட்டு ஒட்டினால்தான் மதிப்பு. ஆப்ஷன்களைப் பிரித்துக் கொடுக்கும் க்னூ கெட்ஆப்ட்டும் அப்படித்தான்: அதற்குச் சொல்லும் ஆப்ஷன் எழுத்துக்குப் பின் ஒரு கோலன் என்றால் மதிப்பு கட்டாயம். இரண்டு என்றால் விருப்பம், ஒட்டியிருப்பதை மட்டும் எடுக்கும். யூனிக்ஸ் தரநிலையான பாசிக்ஸ் இந்த வம்பே வேண்டாமென்று, மதிப்பு விருப்பமாக இருக்கக் கூடாது என ஏழாவது வழிகாட்டு விதியில் சொல்லிவிட்டது.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லில் -பி போட்டு, இடம் விட்டுக் கடவுச்சொல் கொடுத்தேன். திரும்பவும் கேட்கிறது சார்.

பதில்: நீங்கள் கொடுத்ததை டேட்டாபேஸ் பெயர் என்று எடுத்துக்கொண்டது. ஒட்டினால் ஓடும், ஆனால் ஷெல் ஹிஸ்டரியில் கடவுச்சொல் கிடக்கும். வெறும் -பி போட்டு, கேட்டதும் அடியுங்கள்.

கேள்வி: கோப்பை அங்கேயே திருத்த லினக்ஸில் ஓடும் செட் (sed) கட்டளையின் -ஐ, ஆப்பிள் மேக்கில் திட்டுகிறதே?

பதில்: ஆப்பிளில் -ஐ-க்கு மதிப்பு, அதாவது பழைய நகலின் பெயரில் ஒட்டும் வால், கட்டாயம், லினக்ஸில் விருப்பம். -ஐ.பாக் என்று ஒட்டி எழுதினால் இரண்டிலும் ஓடும். -ஐ, -ஈ இரண்டையும் சேர்த்து -ஐஈ என்று மட்டும் அடிக்காதீர்கள். நான் ஒரு முறை அடித்தேன். ஃபோல்டரில் இருந்த ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்திலேயே 'ஈ' வால் முளைத்த ஒரு நகல்.

கேள்வி: நிரல்களைக் கட்டும் மேக் (make) கருவியில், ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்லும் "மேக் -ஜே 4" இடைவெளியோடு ஓடுகிறதே. நீங்கள் சொல்வது தப்பு.

பதில்: நல்ல பிடி. க்னூ மேக் அடுத்த சொல்லை எட்டிப் பார்க்கிறது; முழுக்க இலக்கமாகவே இருந்தால் எடுத்துக்கொள்கிறது. வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட டார்கெட் (உருவாக்கச் சொல்லும் பொருள்) அபூர்வம் என்பதால் பிழைத்துப் போகிறது.

அவரே: அப்போ நானும் எட்டிப் பார்க்கிறேன். ஆட்டோ, ஆல்வேஸ், நெவர் என்றால் மதிப்பு, இல்லையென்றால் கோப்பு.

பதில்: 'ஆட்டோ' என்றே ஒருவர் கோப்பு வைத்திருந்தால்? அதையாவது விடுங்கள். அடுத்த வருடம் பட்டியலில் நாலாவதாக ஒரு சொல் சேர்ப்பீர்கள். அந்தப் பெயரில் கோப்பு வைத்திருப்பவரின் ஸ்கிரிப்ட் அன்றைக்கு உடையும். மேக் கருவியிலும் தொல்லை இருக்கிறது: -ஜே-க்குப் பின் ஒரு வேரியபிள் போட்டு, அது காலியாக வந்தால் வரம்பே இல்லாமல் எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் கிளப்பும். கணினி திணறும்போதுதான் தெரியும்.

கேள்வி: பைத்தானில் ஆப்ஷன்களைப் பிரிக்கும் ஆர்க்பார்ஸில், மதிப்பு விருப்பம் என்று சொல்ல என்ஆர்க்ஸுக்குக் கேள்விக்குறி கொடுத்தேன். கோப்புப் பெயரை விழுங்கிவிடுகிறது.

பதில்: விழுங்கும். அது இடைவெளியையும் ஏற்கும். நடுவில் "--" (ஆப்ஷன் முடிந்தது என்ற குறி) போடச் சொல்லுங்கள், அல்லது ஆப்ஷனை இரண்டாகப் பிரியுங்கள்: மதிப்பே வாங்காதது ஒன்று, கட்டாயம் வாங்குவது ஒன்று. எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையில் மதிப்பு விருப்பமான சிற்றெழுத்து -ஐ ஒதுக்கப்பட்டு, மதிப்பு கட்டாயமான பேரெழுத்து -ஐ வந்தது இதனால்தான்.

கேள்வி: ஆப்ஷனுக்கும் மதிப்புக்கும் நடுவே இடம் விடலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: பவர்ஷெல்லில்?

பதில்: அது என் பேட்டை இல்லை.

மேக் -ஜே பற்றிக் கேட்டவர்: சரி, '=' வைத்துவிட்டேன். எண் வந்தால் மட்டும் எட்டிப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம்.