கப்பல் ஏறும் முன் கார்டு கடனை அடைத்துவிடுங்கள்

கேள்வி: மதுரையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கையில் வரும் சம்பளம் 78,000 ரூபாய். மே மாதக் கடைசியில் நான், மனைவி, 13 மற்றும் 6 வயதுப் பிள்ளைகள், 71 வயது அம்மா ஆகிய ஐந்து பேரும் சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு சிங்கப்பூருக்கே திரும்பும் 4 இரவுப் பயணம் போகிறோம். விமான டிக்கெட், கப்பல் கட்டணம், கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் எல்லாம் போனஸ் பணத்தில் கட்டியாகிவிட்டது. அக்கா, அத்தான், அவர்கள் மகன் மூவரும் உடன் வருகிறார்கள். கப்பல் கட்டணத்தை அவர்களே கட்டிவிட்டார்கள். இனி கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் டூர்கள்தான் பாக்கி. கப்பல் கம்பெனி விலைப்படி பினாங்கு டூர் தலைக்கு 65 டாலர், புக்கெட்டிலிருந்து பீ பீ தீவுக்குப் போகும் ஸ்பீடு போட் டூர் 125 டாலர். "மாப்ளே, எட்டுப் பேருக்கும் உன் கார்டுலயே போட்டுரு, ஊருக்கு வந்து கணக்குப் பாத்துக்கலாம்" என்கிறார் அத்தான். 14 மாதத்துக்கு முன் மூணாறு போனபோதும் இப்படித்தான் இரண்டு குடும்பத்துக்குமாக 93,000 ரூபாயை என் கார்டில் போட்டேன். அவர்கள் பங்கு 46,000 இன்னும் வரவில்லை. அதன் பிறகு கார்டில் வேறு எதுவும் வாங்கவில்லை. மினிமம் டியூ, அதாவது மாதாமாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, ஆனாலும் நிலுவை 84,000 நிற்கிறது. எல்லாச் செலவும் போக மாதம் 9,000 மிஞ்சும். அவசரத்துக்கென்று 1.2 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் வைத்திருக்கிறேன். டூர் செலவுக்கு இதே கார்டா, 'இப்போது பயணம், பிறகு பணம்' கடனா, ரிவார்டு பாயின்ட் அதிகம் தரும் புது டிராவல் கார்டா?

பதில்: மூன்றும் வேண்டாம். எந்தக் கார்டு என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கடிப்பது கார்டு இல்லை, உறவுக்காரர் செலவை உங்கள் பெயரில் போட்டுக்கொண்டு மினிமம் டியூவில் காலம் தள்ளும் பழக்கம். அதை முதலில் பார்ப்போம். டூர் கணக்கு அதற்குப் பிறகு தானாகச் சுருங்கிவிடும்.

உங்கள் ஸ்டேட்மென்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 3.6 சதவீதம் என்று அதில் இருக்கும் என வைத்துக்கொள்கிறேன்; பெரும்பாலான கார்டுகள் இந்த அக்கம்பக்கத்தில்தான் வாங்குகின்றன. வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 4.25 சதவீதம். 84,000-க்கு அது 3,570 ரூபாய். மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 4,200. அதாவது கட்டுகிற பணத்தில் அசலைத் தொடுவது வெறும் 630 ரூபாய். இப்படியே 14 மாதத்தில் சுமார் 62,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். கடனோ 93,000-லிருந்து 84,000-க்குத்தான் இறங்கியிருக்கிறது. மீதி 53,000-மும் வட்டியும் வரியும். அதில் பாதி, ஏறத்தாழ 26,000, அத்தான் வீட்டுப் பங்குக்காக நீங்கள் சுமந்த வட்டி. அவர் இன்றைக்கு 46,000-ஐ எடுத்து நீட்டினாலும் அந்த 26,000 திரும்பி வராது.

இதே கார்டில் எட்டுப் பேருக்கும் டூர் போட்டால் என்ன ஆகும்? தலைக்கு 190 டாலர், எட்டுப் பேருக்கு 1,520 டாலர். டாலரைத் தோராயமாக 90 ரூபாய் என்று வைத்தால் 1,36,800. வெளிநாட்டுக் கரன்சியில் செலவு செய்வதற்கான மார்க்அப் 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி, இரண்டும் சேர்ந்து 5,650. ஆக 1,42,450. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்: பழைய நிலுவை முழுதாக அடையாமல் நிற்கும்போது புதுச் செலவுக்கு 45, 50 நாள் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. டூர் புக் செய்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். மொத்த நிலுவை 2,26,000-ஐத் தாண்டும். வட்டியும் வரியும் மாதம் 9,600. இப்போது மினிமம் டியூவுக்குப் போகும் 4,200-ஐயும் மிஞ்சும் 9,000-ஐயும் சேர்த்தாலே உங்கள் கையில் இருப்பது 13,200தான்.

ரிவார்டு பாயின்ட் கார்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 1 சதவீதம் பாயின்ட் கிடைத்தால் 1,400 ரூபாய். அதே தொகையை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வட்டியும் வரியும் 6,000. 'பிறகு பணம்' என்பதும் பெயர் மாற்றிய பர்சனல் லோன்தான், சிபில் அறிக்கையில் கடனாகவே ஏறும். ஊர் சுற்றிப் பார்த்த ஒரு நாளுக்கு ஒரு வருடம் தவணை கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்த வாரமே செய்யவேண்டியது: ஃபிக்ஸட் டெபாசிட்டை உடையுங்கள். ஆறரை சதவீதம் என்றாலும் 1.2 லட்சத்துக்கு மாதம் 650 ரூபாய் தருகிறது; அந்தப் பக்கம் கார்டு 3,570 பிடுங்குகிறது. "அவசரத்துக்கு வைத்தது" என்பீர்கள். இதுதான் அந்த அவசரம். முன்கூட்டியே எடுத்தால் வட்டியில் ஒரு சதவீதம் போல் குறைப்பார்கள், போகட்டும். 84,000-ஐ ஒரே தடவையில் கட்டுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: முந்தைய ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில் தனியாக வரும். "அதான் முழுசும் கட்டியாச்சே" என்று அதை விட்டுவிட்டால் மறுபடி சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். அதையும் பைசா பாக்கியில்லாமல் கட்டி, நிலுவை பூஜ்யம் என்று பார்த்த பிறகே கார்டைத் தொடுங்கள்.

கையில் 36,000 மிச்சம் இருக்கும், அது அவசர நிதி. மினிமம் டியூவாகப் போன 4,200-ம் மிஞ்சும் 9,000-மும் சேர்ந்து மாதம் 13,200. பயணத்துக்கு முன் நான்கு சம்பளம் வரும், ஏறத்தாழ 52,800. இதுதான் உங்கள் டூர் பணத்தின் எல்லை. அதிலும் பாதிக்கு மேல் டெபாசிட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அத்தானிடம் பேசுவதுதான் கஷ்டமான பகுதி, தெரியும். கார்டு லிமிட் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த தீபாவளிக்கு லிமிட் திரும்பி வந்துவிடும். உள்ளதைச் சொல்லுங்கள்: "அத்தான், மூணாறுக் கடனுக்கு இன்னும் வட்டி கட்டிட்டு இருக்கேன். இந்தத் தடவை உங்க டூரை உங்க கார்டுல போட்டுக்கங்க." இதை அக்கா மூலம் சொல்லி அனுப்பாமல் நேராகச் சொல்லுங்கள், அக்காவை நடுவில் நிறுத்தினால் அடி அக்காவுக்குத்தான். 46,000-ஐ ஒரே மூச்சில் கேட்டால் வராது. மாதம் 5,000 என்று நாள் குறித்து, உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்படி கேளுங்கள். ஒன்பது, பத்து மாதத்தில் முடிந்துவிடும். வராவிட்டாலும் உங்கள் திட்டம் நிற்கக்கூடாது என்றுதான் மேலே கணக்கில் அந்தப் பணத்தைச் சேர்க்கவே இல்லை.

இனி டூர். இரண்டு துறைமுகமும் ஒரே மாதிரி இல்லை, அதனால் முடிவும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள்ளேயே வந்து ஒட்டி நிற்கும். இறங்கி நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை பக்கத்தில். லிட்டில் இந்தியாவும், குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம். மாலை வெயில் தாழ்ந்ததும் சியூ ஜெட்டிக்குப் போகலாம். கடல்மேல் மரக்கால் ஊன்றிய வீடுகள், பலகைப் பாதை சமதளம், அம்மாவால் நடக்க முடியும். நகருக்குள் 'கேட்' (CAT) என்ற இலவசப் பேருந்தும் ஓடுகிறது. பசித்தால் நாசி கண்டார் கடைகள். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதிலிருந்து வந்த சாப்பாடு அது. இதற்கெல்லாம் தலைக்கு 65 டாலர் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. பினாங்கு மலை ரயில் வேண்டுமென்றால் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரை கிராப் ஆப்பில் வாடகை வண்டி பிடியுங்கள். போக்குவரத்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி. விடுமுறை நாளில் ரயிலுக்கு வரிசை நீளும். கப்பல் மதியத்துக்குப் பிறகு வருகிறதென்றால் மலையையும் நகரத்தையும் ஒரே மாலையில் திணிக்காதீர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மலையைத் தேர்ந்தெடுத்தாலும் ஐந்து பேருக்கு வண்டி, ரயில் டிக்கெட், சாப்பாடு எல்லாம் 400 ரிங்கிட்டுக்குள் முடித்துவிடலாம். ரிங்கிட் 22 ரூபாய் என்றால் 8,800. கப்பல் டூர் என்றால் ஐந்து பேருக்கு 29,250.

புக்கெட் வேறு கதை. பெரிய கப்பல்கள் பல, படோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டு, சின்ன டெண்டர் படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். உங்கள் பயண அட்டவணையில் 'டெண்டர்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கப்பல் 8 மணிக்கு வந்தாலும் உங்கள் கால் மணலில் படும்போது ஒன்பதரை, பத்து ஆகலாம். கப்பல் கம்பெனி டூர் எடுத்தவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். பீ பீ தீவுக்குப் போக படோங்கிலிருந்து தீவின் கிழக்குக் கரைப் படகுத்துறைக்கு வண்டியில் போக வேண்டும். அங்கிருந்து ஸ்பீடு போட்டில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். திரும்பவும் அதே. நாளில் நான்கு மணி நேரம் போக்குவரத்திலேயே கரையும்.

நீங்கள் போவது மே மாதக் கடைசி. அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியிருக்கும், அலை உயரும், படோங்கில் சிவப்புக் கொடி ஏறினால் கடலில் இறங்கவே கூடாது. ஸ்பீடு போட் அலைமேல் தூக்கித் தூக்கிப் போடும். 71 வயது முதுகெலும்புக்கும் 6 வயதுப் பிள்ளைக்கும் அது ஆகாது. பெரிய பிள்ளை பீ பீ கேட்டு அடம்பிடித்தாலும் இந்த மாதத்தில் வேண்டாம். உங்களுக்கு இல்லாவிட்டாலும் அத்தான் குடும்பத்துக்கு ஒன்று சொல்லுங்கள்: பீ பீ போய்த்தான் தீருவோம் என்றால் கப்பல் டூரிலேயே போகட்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் புக்கெட்டையே விட்டுவிட்டால் கப்பல் டூர் பணம் திரும்பிவிடும். வெளி ஆளிடம் கட்டிய முன்பணத்துக்கு உத்தரவாதமில்லை. படகு தாமதமானால் தன் டூர்காரர்களுக்குக் கப்பல் காத்திருக்கும், வெளியே போனவர்களுக்குக் காத்திருக்காது. வெளியார் டூரில் விலை குறைவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேசியப் பூங்காக் கட்டணம், பெரியவருக்கு 400 பாட் (தாய்லாந்துப் பணம்), குழந்தைக்கு 200 பாட், பல இடங்களில் விலைக்குள் சேராது.

உங்கள் ஐந்து பேருக்கு டிரைவருடன் ஒரு வேன் போதும். வாட் சலோங் புத்தர் கோயில், கரோன் காட்சி முனை, பழைய புக்கெட் டவுன், நடுவில் ஒரு சாப்பாடு. வேனுக்கு 3,500 பாட் ஒதுக்குங்கள், பாட் 2.8 ரூபாய் என்றால் 9,800. மொத்த விலையா, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம் என்பதை ஏறும் முன்பே பேசி, டிரைவர் ஃபோனில் தட்டச்சு செய்து காட்டச் சொல்லுங்கள். திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

நேர விஷயத்தில் கவனம். புக்கெட் நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னால். கப்பல்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், உங்கள் ஃபோனோ கரையில் சிக்னல் பிடித்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். 'எல்லோரும் கப்பலில் 5 மணிக்கு' என்றால் ஃபோனில் அது 4 மணி. டெண்டர் வரிசையையும் சேர்த்து, ஃபோனில் இரண்டரைக்கெல்லாம் படோங் வந்துவிடுங்கள். கப்பலை விட்டால் ஐந்து பேருக்கு அன்றைக்குக் கிடைக்கிற விலையில் சிங்கப்பூர் விமான டிக்கெட், தங்கும் அறை என்று நான்கு மாதச் சேமிப்பும் ஒரே மாலையில் போய்விடும். இறங்கும் முன் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆக பினாங்கு 8,800, புக்கெட் வேன் 9,800, புக்கெட் சாப்பாடு, ஐஸ்கிரீம், தண்ணீர், சில்லறைக்கு 6,400. மொத்தம் 25,000. 52,800-ல் மீதி 27,800 டெபாசிட்டுக்கு. டிப்ஸை முன்பே கட்டியது நல்ல காரியம்; ஆளுக்கு நாளுக்கு 18 டாலர் என்றால்கூட அதுவே 32,000-ஐத் தாண்டியிருக்கும். அம்மாவுக்குப் பயணக் காப்பீடு எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் அந்த 27,800-லிருந்து எடுங்கள். கப்பல் டாக்டர் பில் டாலரில் வரும்.

ரிங்கிட்டும் பாட்டும் கொஞ்சம் ரொக்கமாக, அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் ரசீதுடன் வாங்குங்கள், சிறிய நோட்டுகளாகக் கேளுங்கள். கரையில் கார்டு தேய்க்கும் இயந்திரம் ரூபாயா, உள்ளூர் கரன்சியா என்று கேட்டால் உள்ளூர் கரன்சியை அழுத்துங்கள்; ரூபாயை அழுத்தினால் கடைக்காரர் பக்கத்து மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும்.

கடைசியாகக் கப்பல் கணக்கு. கப்பலில் காசு கைமாறாது, அறை அட்டையைக் காட்டினால் பற்று எழுதிக்கொள்வார்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து செக்-இன் செய்யும்போது "எல்லாம் ஒரே கார்டுதானே?" என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். அங்கே தலையசைத்தால் இத்தனை கணக்கும் வீண். அத்தான் அறைக்கு அத்தான் கார்டு என்று அப்போதே பதியச் சொல்லுங்கள். டெபிட் கார்டையோ, வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டையோ கொடுக்காதீர்கள். கப்பல் பிடித்து வைக்கும் முன்தொகை பயணம் முடிந்து பல நாள் கழித்தே விடுபடும், அதுவரை கையில் பணம் இருந்தும் எடுக்க முடியாது. நிலுவை அடைந்த உங்கள் கிரெடிட் கார்டையே கொடுங்கள். இரண்டு பிள்ளைகளின் அட்டையிலும் பற்று வசதியை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீடியோ கேம் கூடத்தில் அரை மணியில் 40 டாலர் போய்விடும். தினமும் இரவு படுக்கும் முன் அறை டிவியிலோ கப்பல் ஆப்பிலோ அன்றைய பற்றைப் பாருங்கள்; தவறாக ஏறியதை மறுநாளே கவுன்ட்டரில் சொன்னால் நீக்குவார்கள், இறங்குகிற காலை வரிசையில் நின்று கேட்டால் நேரமிருக்காது.