இயக்குநர் சபையில் ஒதுக்கீடு – ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

சென்ற மாதக் கட்டுரையில், சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் சபைகளில் இத்தனை பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே போடலாம் என எழுதியிருந்தீர்கள். உங்கள் எழுத்தை விரும்பிப் படிப்பவள் நான். இதில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை.

கணக்காய்வாளராக வேலையைத் தொடங்கி, இப்போது ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் மேலாளராக இருக்கிறேன். ஒவ்வொரு படியும் தேர்வெழுதி, இரவு கண்விழித்து, வேலையைச் செய்துகாட்டி ஏறியது. நாளை எனக்கு இயக்குநர் பதவி கிடைத்து, “சட்டத்துக்காகப் போட்டார்கள்” என்று ஒருவர் சொன்னாலும் போதும், என் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடும். கூட்டத்தில் என் பேச்சை யார் கேட்பார்கள்?

இந்த நாடு தகுதியை நம்பி வளர்ந்தது. 2023 அதிபர் தேர்தல் எந்த இனத்துக்கும் ஒதுக்கப்படாத தேர்தல். அதில் தமிழரான திரு தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்கு பெற்றார். இதைவிட என்ன சான்று வேண்டும்? இந்தியாவில் சட்டம் போட்டார்கள். முதலாளிகள் தங்கள் மனைவியையும் மகளையும் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். இங்கே சட்டமில்லாமலே பெரிய நூறு நிறுவனங்களில் பெண்களின் பங்கு கால்வாசிக்கு வந்துவிட்டது. நன்றாகப் போய்க்கொண்டிருப்பதில் அரசாங்கம் ஏன் கைவைக்க வேண்டும்? நிறுவனத்தை யார் நடத்துவது என்பதைப் பங்குதாரர்கள்தானே முடிவு செய்ய வேண்டும்?

அன்புடன்,
கே.
செங்காங்

---

அன்புள்ள கே.,

பங்குதாரர்கள்தானே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே அது முழுக்க அவர்கள் கையில் இல்லை. சிங்கப்பூரில் பதிவான எந்த நிறுவனத்திலும் இங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருந்தாக வேண்டும் என்கிறது நிறுவனச் சட்டம். பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் சபையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள், அதாவது நிர்வாகத்தோடும் பெரிய பங்குதாரர்களோடும் தொடர்பில்லாதவர்கள், வேண்டும். ஒன்பது ஆண்டுக்கு மேல் ஒருவர் சுயேச்சை இயக்குநர் என்ற பெயரில் நீடிக்க முடியாது. முன்பு இரண்டு கட்ட வாக்கெடுப்பு நடத்தி அவரை வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. 2023 ஜனவரியில் பங்குச் சந்தை அந்த வழியையும் அடைத்தது. பங்குதாரர்கள் விரும்பினாலும் இனி அவர் சுயேச்சை இயக்குநர் ஆகமாட்டார். நிதித் துறையில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அதைத் தகுதிக்கு வந்த கேடு என்று நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள்.

ஒரே ஆட்கள் ஒரே மேசையில் பல காலம் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் வழக்கம் போய்விடும். அந்த விதி வந்ததற்கு அதுதான் காரணம். அந்த மேசையில் பேசப்படுவது ஊரார் பணம். 1993-இல் சிங்டெல் பங்குகள் சலுகை விலையில் குடிமக்களுக்குக் கிடைத்தபோது, நம் பெற்றோர் தலைமுறையில் எத்தனையோ பேர் மத்திய சேம நிதியை வைத்து வாங்கினார்கள். பட்டியலிட்ட நிறுவனம் யாருடைய வீட்டுச் சொத்தும் அல்ல. சபை எப்படி அமைய வேண்டும் என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு இந்த நாடு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் சொல்லலாமா என்பதுதான் மிச்சம்.

இனி தகுதிக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

1979-இல் இங்கே ஓர் ஒதுக்கீடு வந்தது. பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பெண் மருத்துவர்கள் கல்யாணம், பிள்ளை என்று வேலையை விட்டுவிடுவார்கள், அவர்களைப் படிக்கவைக்கச் செலவழித்த பணம் வீணாகும் என்று காரணம் சொன்னார்கள். அப்போது நாட்டில் இருந்தது அந்த ஒரே மருத்துவக் கல்லூரிதான். வெளிநாடு போகப் பணமில்லாத பெண்ணுக்கு வேறு கதவு கிடையாது. நல்ல மதிப்பெண் எடுத்த பெண் வெளியே நிற்க, அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த பையன் உள்ளே போக அந்த விதி இடம் கொடுத்தது. 2003-இல்தான் அதை நீக்கினார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டு.

அந்த ஆண்டுகளில் உள்ளே போன ஆண் மருத்துவர் யாரிடமாவது, “நீங்கள் ஒதுக்கீட்டில் வந்தவர்தானே?” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களில் நல்ல மருத்துவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், இருக்கிறார்கள். என் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அப்படி ஒருவர். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆண்களுக்குச் சாதகமாக விதி இருந்தபோது யாருடைய தகுதியும் சந்தேகத்துக்கு ஆளாகவில்லை, பெண்ணுக்கு என்று விதியைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவளுடைய தகுதிதான் முதலில் விசாரணைக்கு வருகிறது. “சட்டத்துக்காகப் போட்டார்கள்” என்று யாரோ சொல்லப்போவதற்கு நீங்கள் இப்போதே அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் உங்களிடம் ஏன் வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1985-இல் பதினெட்டு வயதில் அந்த விதியால் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு இன்று ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். இயக்குநர் சபைகளில் உட்காரும் வயது. “தகுதியுள்ள பெண்கள் கிடைப்பதில்லை” என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தத் தலைமுறையில் யார் எதுவரை போகலாம் என்பதில் விதிகளுக்கும் பங்கு இருந்தது.

திரு தர்மனின் வெற்றி எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குள் போனது 2001-இல், ஜூரோங் குழுத்தொகுதி அணியில் ஒருவராக. பல வேட்பாளர்கள் ஒரே அணியாகப் போட்டியிடும் தொகுதி அது. அப்படிப்பட்ட அணி ஒவ்வொன்றிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது 1988 முதல் சட்டம். அந்த முறையின் மேல் குறை சொல்பவர்கள் உண்டு. சிறிய கட்சிகளுக்கு அணி சேர்ப்பதே கடினம் என்ற குறையில் நியாயமும் உண்டு. அவருடைய தகுதியை எந்தச் சட்டமும் உண்டாக்கவில்லை. அதைப் பார்த்துப் பழக நாட்டுக்கு இருபது ஆண்டுக்கு மேல் கிடைத்தது, அவ்வளவுதான். 2023-இல் மக்கள் அளித்தது முன்பின் அறியாத ஒருவருக்கான வாக்கு அல்ல. சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம், நாடாளுமன்றத்தில் நம் முகம் இருப்பதற்குச் சட்டம் துணை நிற்கும்போது அதை நியாயம் என்கிறோம். பெண்கள் கேட்கும்போது தகுதியைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இயக்குநரைத் தேடும் விதத்தையும் பார்க்க வேண்டும். நியமனக் குழு கூடுகிறது. தலைமை நிர்வாகியாகவோ தலைமை நிதி அதிகாரியாகவோ இருந்தவர் வேண்டும், வேறொரு சபையில் ஏற்கெனவே இருந்தவராக இருந்தால் நல்லது என்கிறார்கள். பிறகு அவரவருக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்கிறார்கள். பெண் தலைமை நிர்வாகிகள் குறைவாக இருந்த ஊரில் அந்த முதல் நிபந்தனையிலேயே பட்டியல் பெரும்பாலும் ஆண்களாகிவிடுகிறது. ஓசிபிசி வங்கிக்கு ஹெலன் வோங் தலைமையேற்றது 2021-இல், டிபிஎஸ் வங்கிக்கு டான் சூ ஷான் 2025-இல். 2021-க்கு முன் உள்ளூர் வங்கி எதற்கும் பெண் தலைமை நிர்வாகி இருந்ததில்லை. மனிதவளம், சட்டம், இணையப் பாதுகாப்பு என்று பிற துறைகளில் தேர்ந்த பெண்கள் அந்த வலையில் விழுவதே இல்லை. முதல்முறை இயக்குநராவோருக்குப் பங்குச் சந்தை விதியிலேயே கட்டாயப் பயிற்சி இருக்கிறது. ஆகவே முன் அனுபவம் இல்லை என்பது பெரிய தடையாக இருக்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறைவேற்றிய ஆணையில் எனக்குப் பிடித்த பகுதி இதைத் தொடுகிறது. பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களில் அன்றாட நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்களில் 40 விழுக்காடு, அல்லது மொத்த இயக்குநர்களில் 33 விழுக்காடு, 2026 ஜூன் மாத இறுதிக்குள் குறைவாக உள்ள பாலினத்தவராக இருக்க வேண்டும் என்பது இலக்கு. அதை எட்டாத நிறுவனம், ஆள் எடுப்பதற்கு முன்பே என்ன தகுதி வேண்டும் என்று தெளிவாக எழுதி வைக்க வேண்டும். எல்லோரையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். இருவர் தகுதியில் சமமாக இருந்தால்தான் முன்னுரிமை. இயக்குநர் பதவிக்குத் தகுதியை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்வது இந்த ஒதுக்கீட்டுச் சட்டம்தான். நீங்கள் மதிக்கும் அதே கொள்கைக்கு இதைவிட நெருக்கமானது எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. 2013 நிறுவனச் சட்டம் ஒரு பெண் இயக்குநர் போதும் என்றது, அவர் யாராக இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. குடும்ப நிறுவனங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஆள் பார்த்தன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த ஓட்டையைப் பார்த்துத்தான், சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 நிறுவனங்களில் 2020 ஏப்ரல் முதலும் பெண் சுயேச்சை இயக்குநர் ஒருவர் கட்டாயம் என்று இந்தியப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி விதித்தது. மனைவியும் மகளும் சுயேச்சை இயக்குநர் ஆக முடியாது. சட்டம் தவறாக எழுதப்பட்டிருந்தது, திருத்தினார்கள்.

நார்வேயில் இதைத் தொடங்கிவைத்த ஆன்ஸ்கர் கேப்ரியல்சன் வலதுசாரிக் கட்சியின் வர்த்தக அமைச்சர். 40 விழுக்காடு என்ற சட்டம் 2003-இல் வந்தது. 2005 நடுப்பகுதிக்குள் நிறுவனங்கள் தாமாகவே எட்டிவிட்டால் கட்டாயம் தேவையில்லை என்று அவகாசமும் கொடுத்தார்கள். எட்டவில்லை. கட்டாயம் வந்தது, 2008-க்குள் எட்டின. சில நிறுவனங்கள் சட்டத்துக்குள் வராத வடிவத்துக்கு மாறிக்கொண்டதும் நடந்தது. ஆய்வாளர்கள் பின்னர் பார்த்தபோது, சட்டத்துக்குப் பிறகு வந்த பெண் இயக்குநர்கள் அதற்கு முன் இருந்த பெண்களைவிடக் கல்வியிலும் அனுபவத்திலும் மேலாகவே இருந்தார்கள். தகுதியுள்ளவர்கள் தீர்ந்துபோவார்கள் என்ற பயம் பலிக்கவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது, மறைக்க மாட்டேன்: அந்த நிறுவனங்களில் கீழ்நிலையில் இருந்த பெண்களின் சம்பளமோ பதவி உயர்வோ இதனால் மேம்பட்டதாகத் தெரியவில்லை. சபையில் உள்ள விதி சபையைத்தான் மாற்றும். பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண்ணுக்குப் பழைய பொறுப்பு கிடைக்கிறதா என்பது வேறு போராட்டம். லாபம் கூடும் என்றும் நான் வாதிடவில்லை. அதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆண்கள் உட்காருவதற்கு அப்படியொரு நிரூபணத்தை யாரும் கேட்டதும் இல்லை.

சட்டமில்லாமலே கால்வாசி வந்துவிட்டதே என்கிறீர்கள். அது பெரிய நூறு நிறுவனங்களின் கணக்கு. மற்ற பட்டியலிட்ட நிறுவனங்களில் விகிதம் இன்னும் குறைவு. பெரிய நூறிலும் 2020-க்குள் 20 விழுக்காடு என்ற முதல் இலக்கு தவறிப்போனது. 2022 முதல், பன்முகத்தன்மைக் கொள்கையை வகுத்து ஆண்டறிக்கையில் இலக்கையும் காலக்கெடுவையும் சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தையின் 710ஏ விதி வந்தது. ஒன்பது ஆண்டு வரம்பு பல நாற்காலிகளைக் காலியாக்கியது. ஆக, விதியில்லாமல் மட்டும் இது நகர்ந்துவிடவில்லை. பிரிட்டன் சட்டமில்லாமல் முன்னேறியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2011-இல் அங்கே இலக்கு வைத்தபோது, நகராவிட்டால் ஒதுக்கீடு வரலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் 2023 ஜூன் முதல் எல்லாப் பட்டியலிட்ட நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது கட்டாயம். ஹாங்காங் 2024 முடிவுக்குள் ஒரே பாலினச் சபைகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னது.

கூட்டத்தில் யார் மதிப்பார்கள் என்று கேட்டீர்களே. நம் தமிழ் அமைப்புகளின் செயற்குழுக்களைப் பாருங்கள். மகளிர் பிரிவு என்று ஒன்றை வைத்து, நிகழ்ச்சிக்கு வரவேற்பும் சாப்பாட்டு ஏற்பாடும் அதனிடம் ஒப்படைத்து, பணம் பற்றிய முடிவை எட்டு ஆண்கள் எடுப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே தனியாக ஒரு பெண் செயற்குழுவில் இருந்தால் அவர் சொல்வது பெண்களின் கருத்தாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மூவர் இருக்கும் குழுக்களில் அப்படி நடப்பதில்லை; அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வருகிறது, பொருளாளராக இருக்கும் பெண் கணக்கில் கேட்கும் கேள்வி பொருளாளரின் கேள்வியாகவே இருக்கிறது. அதனால்தான் ஒருவர் போதும் என்ற சட்டத்தை நான் கேட்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு, அதில் பெரும்பகுதி சுயேச்சை இயக்குநர்கள், இரு பாலினத்துக்கும் பொருந்தும் விதி, பத்து ஆண்டுக்குப் பிறகு நாடாளுமன்றம் புதுப்பித்தால் மட்டுமே நீடிக்கும் சட்டம். எட்டாத நிறுவனம் முதலில் விளக்கம் தர வேண்டும், பிறகும் எட்டாவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே இருக்க வேண்டும்.

எனக்கு உறுதியில்லாத இடம் சிறு நிறுவனங்கள். சிறிய, வளரும் நிறுவனங்களுக்கான கேட்டலிஸ்ட் பட்டியலில் ஐந்து பேர் கொண்ட சபைகள் இருக்கின்றன, அதில் இருவர் நிறுவனரும் அவர் சகோதரரும். மூன்றில் ஒரு பங்கு என்பது அங்கே எப்படி நடக்கும், எந்த அளவுக்குக் கீழே விலக்குக் கொடுக்கலாம் என்பதில் கணக்கேடுகளை உள்ளிருந்து பார்த்த உங்களிடம் பதில் இருக்கலாம். உடன்படாவிட்டாலும் அதைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா