ஒன்றாம் வகுப்பு முடியும் நேரம்: டீச்சரிடம் கேளுங்கள்

மூன்றாம் பருவம் முடியப் போகிறது. "என் பிள்ளைக்கு இந்நேரம் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் பல வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுத்துவரும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகள் தமிழ்ப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை கடகடவென்று வாசிக்கிறாள். பஸ் போர்டைக் காட்டினால் மட்டும் முழிக்கிறாள். ஏன்?

புத்தகத்தை அவள் வாசிக்கவில்லை அம்மா, ஒப்பிக்கிறாள். படத்தைப் பார்த்ததும் அடுத்த வரி வாயில் வந்துவிடுகிறது. வருடக் கடைசியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். அப்புறம் அவளுக்குத் தெரிந்த எழுத்துகளிலேயே, புத்தகத்தில் இல்லாத வரி ஒன்றை எழுதிக் கொடுங்கள். "பாட்டி மாடியில் வடாம் காயப் போட்டார்" மாதிரி. தட்டுத்தடுமாறியாவது அதைப் படித்துவிட்டால் கவலையே வேண்டாம். 2021-இல் வந்த, மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டமும் ஒன்றாம் வகுப்புக்கு இதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது: முன்பு பார்க்காத பகுதியில், நாலைந்து எளிய சொற்கள் உள்ள சின்ன வாக்கியங்களைப் படிக்க வேண்டும்.

தடுமாற்றம் பெரும்பாலும் மெய்யெழுத்தில்தான் வரும். நாம் "ம்" என்ற எழுத்துக்கு "இம்" என்று பெயர் சொல்லித் தருகிறோம். பிள்ளையும் "ம, ர, இம்" என்று சரியாகவே சொல்கிறது. ஆனால் அதைச் சேர்த்தால் மரம் வருவதில்லை, "மரஇம்" என்றுதான் வருகிறது. அதனால் நான் வகுப்பில் பெயரை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பிடிக்கச் சொல்வேன். "மர" என்று சொல்லிவிட்டு உதட்டை மூடு, அவ்வளவுதான். ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். பஸ் போர்டில் "கரூர்" என்று அவளே படிப்பாள்.

கேள்வி: 247 எழுத்தும் தெரிந்தால்தான் இரண்டாம் வகுப்பு எளிதாக இருக்கும் என்கிறார்களே?

உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மீதி 216 உயிர்மெய். அட்டவணையாக ஒப்பிக்கத் தெரிவது பெரிய விஷயமில்லை. கால் (கா), விலங்கு (கி), கொம்பு (கெ) என்ற குறிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பிடிபட்டுவிட்டால், ஒன்றிரண்டு வரிசை கற்ற பிள்ளை மற்றதைத் தானே படித்துக்கொள்ளும். உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள், அங்கே கு, சு, நு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. கொம்பும் சிரமம்தான். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. கெ, கே, கொ, கோ இன்னும் குழம்பினால் திட்டாதீர்கள்.

கேள்வி: தாத்தா எழுதித் தரும் "லை", "னை" எல்லாம் வேறு மாதிரி இருக்கிறது என்று பேரன் சண்டை போடுகிறான்.

இரண்டு பேரும் சரிதான். 1978-இல் தமிழ்நாடு அரசு ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. தாத்தா அதற்கு முன் படித்தவர். பழைய "லை"க்கு யானைத் துதிக்கை மாதிரி மேலே ஒரு வளைவு இருக்கும். பேரனுக்கு அதைக் கதையாகச் சொல்லட்டும், எழுதிப் பழக்கும்போது மட்டும் புத்தகத்து வடிவத்தைச் சொல்லித்தரட்டும்.

கேள்வி: முப்பத்தாறு எழுது என்றால் 306 என்று எழுதுகிறான். அடிக்க வேண்டியிருக்கிறது.

தயவுசெய்து அடிக்காதீர்கள் ஐயா. அவன் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான்: முப்பது, அப்புறம் ஆறு. யோசித்துச் செய்த தப்பு இது. இடமதிப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. துடைப்பத்து ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மூன்று கட்டு, ஆறு உதிரி. கட்டுகளை எண்ணி இடது பக்கம் 3, உதிரியை எண்ணி வலது பக்கம் 6. பத்து நாள் கையால் செய்தால் 306 வராது. தொண்ணூறில் மறுபடி குழம்புவான், அந்தச் சொல்லுக்குள் நூறு கேட்கிறதல்லவா! அதற்கும் ஒன்பது கட்டு கட்டிக் காட்டுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை இப்போதே திணிக்க வேண்டாம்.

கேள்வி: சரியாகப் படிக்கவில்லை என்றால் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுவார்களா?

மாட்டார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று படிநிலைகள் இருக்கின்றன. இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் அரும்பு நிலையில் விட்டதைப் பிடிக்க இடமுண்டு. ஆனால் எங்கே நிற்கிறாள் என்று இப்போதே வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மதிப்பெண்ணைக் கேட்காமல், "எந்த எழுத்தில் தடுமாறுகிறாள்?" என்று கேளுங்கள்.

கேள்வி: இங்கிலீஷில் பி, டி (b, d) இரண்டையும் திருப்பிப் போடுகிறான்.

சின்ன எழுத்துகளைச் சொல்கிறீர்கள். ஆறு வயதில் இது சகஜம். எட்டு வயதுக்கு மேலும் தொடர்ந்தால் பார்க்கலாம்.

கேள்வி: மே மாத லீவில் என்ன எழுத வைக்கலாம் டீச்சர்?

நான் எதுவும் கொடுத்து அனுப்புவதில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அது எனக்கு முழுச் சம்மதம். ஊருக்குப் போகட்டும், பல்லாங்குழி ஆடட்டும், அதில் எண்ணுவதைவிட நல்ல கணக்குப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நான் பள்ளிக்கூடம் போனதில்லை. மீன் விற்கிறேன். என் மகளுக்கு நான் எப்படி உதவ முடியும்?

நிறைய முடியும் அண்ணா. சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு விற்ற மீன்களின் பெயரைச் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். சாளை, நெத்திலி, வாளை, பாறை. "ளை", "றை" எல்லாம் தானாகப் பழகும். விலையைச் சொல்லுங்கள், பக்கத்தில் போடட்டும். எழுத்து தப்பா சரியா என்று நீங்கள் பார்க்க வேண்டியதில்லை, அது என் வேலை. நோட்டை என்னைப் போன்ற ஒரு டீச்சரிடம் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி அவள் பள்ளிக் கதைப் புத்தகத்தை உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். நடுநடுவே "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்திருந்தால் அங்கே கதை ஓடாது. அவளே அந்த வரிக்குத் திரும்பிப் போவாள்.