வைட்டமின் டி குறைந்தால் இதயம் கெடுமா? இளம் வயதினரின் கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வசிக்கும் இளம் வயதினர் அனுப்பிய கேள்விகளுக்கு, பினாங்கில் நீரிழிவு நோயாளிகளையும் நாளமில்லாச் சுரப்பிக் கோளாறு உள்ளவர்களையும் பார்த்துவரும் மருத்துவர் ஒருவர் எழுதிய பதில்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ், ஆண், 28: வணக்கம் டாக்டர். கம்பெனி செய்யச் சொன்ன வருடாந்திரப் பரிசோதனையில் என் வைட்டமின் டி அளவு 42 என்று வந்தது. இணையத்தில் 30 இருந்தாலே போதும் என்கிறார்கள். ஆனால் அறிக்கையில் "குறைவு" என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள், தம்பி. நம் நாட்டு ஆய்வகங்கள் பெரும்பாலும் லிட்டருக்கு நானோமோல் என்ற கணக்கில் தருகின்றன. நீங்கள் இணையத்தில் படித்த 30 என்பது மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்ற கணக்கு. முதல் எண்ணை 2.5 ஆல் வகுத்தால் இரண்டாவது கிடைக்கும். அப்படியானால் உங்களுடைய 42 என்பது ஏறக்குறைய 17 நானோகிராம். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2011இல், பெரும்பாலானோரின் எலும்பு நலத்துக்கு 20 நானோகிராம், அதாவது 50 நானோமோல், போதும் என்று வரையறுத்தது. அதே ஆண்டில் அந்நாட்டு நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 நானோகிராம் வேண்டும் என்றது; பிறகு 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த வரம்பைத் தானே கைவிட்டது. ஆகவே உங்களுடையது லேசான குறைவுதான், அஞ்ச வேண்டிய நிலையில்லை.

பாயான் லெப்பாஸ், பெண், 24: ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்தும் ஊரில் இருந்துகொண்டு வைட்டமின் டி எப்படிக் குறைகிறது? தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். காலையில் பஸ்ஸில் வீடு திரும்பும்போது முகத்தில் வெயில் படத்தான் செய்கிறது.

பதில்: தோலில் வைட்டமின் டி உருவாகக் காரணம் வெயிலின் சூடு அன்று; அதிலுள்ள புற ஊதா பி கதிர். அந்தக் கதிர் கண்ணாடியைக் கடந்து வராது என்பதால், பஸ் ஜன்னல் வழியாகப் படும் வெயில் சூட்டைத்தான் தரும். மேலும், சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்ய நேர்வதால், அதில் பெரும்பகுதி ஓசோன் படலத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. காலை இளவெயிலே உடம்புக்கு நல்லது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நடைப்பயிற்சிக்கு அது நல்ல நேரந்தான், ஆனால் வைட்டமின் டி அந்நேரத்தில் மிகக் குறைவாகவே உருவாகிறது. நம் ஊர்க் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் மணியளவில். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம், அதாவது சுமார் பத்தரை மணியிலிருந்து நான்கு மணி வரை, பயனுள்ள நேரம். நம்முடைய தோலில் நிறமி மிகுதியாக இருப்பதால், வெள்ளைத் தோல் உடையவர்களைவிட நமக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். கையும் காலும் வெளியில் தெரியும்படி வாரத்தில் மூன்று நான்கு நாள் இருபது நிமிடம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். பகலில் திரைச்சீலை போட்டு உறங்கும் உங்களுக்கு ஷிப்ட் இல்லாத நாள்கள்தான் வாய்ப்பு. அந்த நாள்களையும் பேரங்காடிக்குள் கழித்துவிடாதீர்கள்.

செந்தூல், ஆண், 31: என் அப்பா 49 வயதில் மாரடைப்பால் காலமானார். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்று ஆய்வுகள் சொல்வதாகப் படித்தேன். எனக்கும் அளவு குறைவு. மாத்திரை எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாமா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் இதய நோய் இல்லாத 1,739 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட முடிவில், வைட்டமின் டி 15 நானோகிராமுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் கூடுதலாக வந்திருந்தன. அதற்கு ஒரு விளக்கமும் இருந்தது. உயிரணுக்களில் வைட்டமின் டியைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பி நீக்கப்பட்ட எலிகளில், இரத்த அழுத்தத்தைக் கூட்டும் ரெனின் என்ற பொருளின் சுரப்பு மிகுந்து இரத்த அழுத்தம் ஏறியதை 2002இல் கண்டிருந்தார்கள். அந்த ஏற்பி இதயத் தசையிலும், இன்சுலின் சுரக்கும் கணைய உயிரணுக்களிலும் இருக்கிறது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், மாத்திரை கொடுத்தால் இதயம் காக்கப்படும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே?

ஆனால் கொடுத்துப் பார்த்தபோது அது நடக்கவில்லை. வைட்டல் எனப்படும் ஆய்வில் 25,871 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, ஒரு சாராருக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டியும் மறுசாராருக்கு வெற்று மாத்திரையும் ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் ஏற்படும் மரணம் ஆகியவற்றில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நியூசிலாந்தில் 5,000க்கும் மேற்பட்டோருக்கு மாதம் ஒருமுறை 1,00,000 யூனிட் கொடுத்த ஆய்வும் 2017இல் அதையே சொன்னது.

பிறகு ஏன் குறைந்த அளவும் இதய நோயும் சேர்ந்தே காணப்படுகின்றன? இரண்டுக்கும் பின்னால் பல வேளைகளில் ஒரே வாழ்க்கை முறை இருக்கிறது. நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் அமர்ந்து வேலை, அங்கிருந்து காரில் வீடு, இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேவும் என்று இருப்பவருக்கு வெயிலும் கிடைக்காது, வயிற்றுச் சதையும் குறையாது. அந்தச் சதையே வைட்டமின் டியைக் குறைத்துவிடுகிறது. வைட்டமின் டி கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் பருத்த உடலில் இரத்தத்தில் தங்கும் அளவு குறைகிறது. மரபணுக்களை வைத்து 2013இல் செய்த பெரிய ஆய்வு, உடல் எடை கூடுவது வைட்டமின் டி குறையக் காரணமாகிறது என்றும், வைட்டமின் டி குறைவதால் எடை கூடுவதற்கு அப்படிச் சான்று இல்லை என்றும் காட்டியது. ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள குறைந்த எண்ணை, உங்கள் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புக்காக மாத்திரை போடலாம். இதயத்தைக் காக்கும் வேலையை அதனிடம் விட்டுவிட வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் மாத்திரை போடுகிற நிம்மதியில் கொழுப்புப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிற இளைஞர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

செராஸ், பெண், 26: அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் எல்லாம் வயதானவர்கள்தானே? எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

பதில்: சரியான கேள்வி. வைட்டல் ஆய்வில் ஆண்கள் 50 வயதுக்கும் பெண்கள் 55 வயதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பலருக்குத் தொடக்கத்திலேயே வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது. இருபது வயதில் தொடங்கி முப்பது ஆண்டு மாத்திரை கொடுத்து மாரடைப்பை எண்ணிப் பார்ப்பது நடைமுறையில் எளிதன்று. ஆனால் சான்று இல்லாத இடத்தில் நம்பிக்கையை விற்பது மருத்துவமாகாது. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியும், 50 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்கள் நாளொன்றுக்குத் தேவையான 600 யூனிட்டுக்கு மேல் மாத்திரையாக எடுக்க வேண்டியதில்லை என்றும், அறிகுறி இல்லாதவர்கள் வழக்கமாக அளவைச் சோதிக்க வேண்டியதில்லை என்றுமே கூறுகிறது.

ஜார்ஜ் டவுன், பெண், 29: எனக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டு, சர்க்கரையும் எல்லைக்கோட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு இனிப்பு நீர். வைட்டமின் டி சர்க்கரையைத் தடுக்குமா?

பதில்: ஓரளவு இருக்கலாம், தங்கையே. எல்லைக்கோட்டில் இருந்த 2,423 பேருக்குத் தினமும் 4,000 யூனிட் அல்லது வெற்று மாத்திரை கொடுத்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. மாத்திரை பெற்றவர்களில் 24.2 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 26.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருந்திருக்கலாம். பிறகு இதுபோன்ற மூன்று ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சிறிய நன்மை தெரிந்தது. அதனால், எல்லைக்கோட்டில் உள்ளவர்களுக்கு வாழ்க்கை முறை மாற்றத்தோடு வைட்டமின் டியும் கொடுக்கலாம் என்று 2024 வழிகாட்டி இடம் தருகிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் நடக்கவும் பயிற்சி பெற்றவர்களுக்கு நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 5 கிலோகூட இல்லை. மாலை நாலரைக்குத் தண்ணீர்மலைப் பூங்காவில் அரை மணி நேரம் வேகமாக நடப்பதை வாரத்தில் ஐந்து நாள் செய்தால் அந்த 150 நிமிடம் நிறைந்துவிடும்.

பட்டர்வொர்த், ஆண், 33: சென்னையிலிருந்து அத்தை 60,000 யூனிட் பாக்கெட்டுகள் வாங்கி வந்தார். பாலில் கலந்து குடிக்கச் சொன்னார். தினமும் குடிக்கலாமா?

பதில்: கூடாது. அது பொதுவாக வாரம் ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் எழுதித் தருகிற அளவு. மேற்பார்வையின்றித் தினமும் எடுக்கத்தக்க உச்ச வரம்பு 4,000 யூனிட். உங்கள் கையில் உள்ள ஒரு பாக்கெட் அதைப் போல் பதினைந்து மடங்கு. தினமும் குடித்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், தணியாத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் பழுதாகும் வரை போகலாம். வெயிலால் இந்த நஞ்சேற்றம் வராது, ஏனெனில் மிகுதியானதைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடும். வாய்வழி போவதற்கு அப்படித் தடுப்பு இல்லை. ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால் நிறுத்திவிட்டு இந்த வாரமே கால்சியமும் சிறுநீரகச் செயல்பாடும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கெப்போங், பெண், 22: நான் சைவம். உணவில் எங்கிருந்து கிடைக்கும்?

பதில்: கெம்போங், மத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களும் முட்டை மஞ்சள் கருவும்தான் முக்கியமான இயற்கை வழிகள். உங்களுக்கு மிஞ்சுவது, வைட்டமின் டி சேர்க்கப்பட்ட பாலும் சோயா பாலும். பெட்டியின் பின்பக்கத்தில் அளவு அச்சிட்டிருக்கும். அவையும் வெயிலும் போதாதென்றால் 600 யூனிட் மாத்திரை தவறில்லை.

செந்தூல், ஆண், 31 (மீண்டும்): அப்படியானால் நான் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: தந்தைக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் மகனுக்கு ஆபத்து கூடுதல் என்றே நாங்கள் கணக்கில் கொள்கிறோம். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கெட்ட கொழுப்பு உட்பட முழுக் கொழுப்புப் பட்டியல் ஆகியவற்றை இந்த மாதமே பாருங்கள். வாழ்நாளில் ஒருமுறை, இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு வகைத் துகளான லைப்போபுரோட்டீன் ஏ அளவையும் பார்த்துவிடுவது நல்லது. அது மரபு வழி வருவது, நம் இனத்தவரிடம் பலருக்கு உயர்ந்திருப்பது. தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி அளவு நாடாவை வைத்துப் பாருங்கள்; ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது. சிகரெட்டோ வேப்போ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அப்பாவுக்கு எந்த வயதில் என்ன நடந்தது என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.