ஸ்போர்ட் மோடு ஒப்புக்குத்தானா?

கேள்வி: என்னுடையது சி.வி.டி. கியர்பாக்ஸ் கார். ஸ்போர்ட் மோடில் எஞ்சின் அலறுகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பார்த்தால், எரிபொருளை மிச்சப்படுத்தும் ஈகோ மோடில் பிடிக்கும் வேகத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்த பட்டனை ஒப்புக்குத்தான் வைத்திருக்கிறார்களா?

பதில்: இல்லை. முழுதாக மிதித்துச் சோதித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் அது உங்கள் கண்ணில் படாமல் தப்பிவிட்டது.

சி.வி.டி.யில் முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் கிடையாது. இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஓர் எஃகு பெல்ட். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். விலகினால் அச்சுப் பக்கம் இறங்கும். கியர் விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். ஆகவே, கார் ஒரே வேகத்தில் போகும்போதும் எஞ்சினை மெல்லவோ விரைவாகவோ சுழலவிடலாம். மோடு பட்டன் கைவைப்பது இதிலும், உங்கள் மிதியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதிலும்தான். எஞ்சினின் குதிரைசக்தி கூடுவதில்லை. பாதத்தைத் தரையோடு அழுத்திவிட்டால், பெரும்பாலான கார்களில் எந்த மோடாக இருந்தாலும் எஞ்சின் தன் உச்ச சக்தியை நோக்கித்தான் ஓடும்.

வித்தியாசம் அரை மிதியில் இருக்கிறது. நான் ஓட்டுவதும் சி.வி.டி.தான். சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது, ஈகோவில், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 1,500-ஐ ஒட்டிச் சோம்பிக் கிடக்கும். ஸ்போர்ட் பட்டனைத் தட்டினால், வேகம் மாறாமலே முள் மட்டும் 2,500-க்குத் தாவும். இப்போது கொஞ்சம் மிதித்தாலே கார் பாய்கிறது. ஈகோவிலோ எஞ்சின் முதலில் தன் சுழற்சியைக் கூட்டிக்கொண்டு, அப்புறம்தான் காரை இழுக்கிறது. லாரியை முந்தும்போது ஒரு மூச்சு நேரம் காத்திருக்கிறோமே, அது இதனால்தான்.

சில கார்கள் ஸ்போர்ட்டில் கியர் மாறுவதுபோல முள்ளை ஏற்றி இறக்கிக் காட்டும். அது பெரும்பாலும் நம் காதுக்காகச் செய்யும் நாடகம்! உச்ச சக்தியிலேயே எஞ்சினைத் தொடர்ந்து ஓடவைப்பதுதான் சி.வி.டி.யின் பலம். 1993-இல் வில்லியம்ஸ் அணி பார்முலா 1 காரில் இதைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தது. 1994-ஆம் ஆண்டுக்கான விதிகள் அதைத் தடைசெய்துவிட்டன.

முந்தப் போகிறீர்கள் என்றால், முன்னால் போகும் வண்டியின் பின்னால் இருக்கும்போதே ஸ்போர்ட்டுக்கு மாறிவிடுங்கள். பாதி முந்திய பிறகு பட்டனைத் தேடாதீர்கள். அப்போது காலை முழுதாக அழுத்தினாலே போதும்.